மூன்றாம் கவுண்டர் முக்காலி

ஜூன் 12

அன்புள்ள அத்தைக்கு,

சிட்டு எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அம்மாவின் இருமல் மட்டும் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை. உங்கள் குதிகால் வலி எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினீர்களா, இல்லை ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற கைக்கு மருந்து எதற்கு என்று இருந்துவிட்டீர்களா?

போனைப் போட்டுப் பேசாமல் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எல்லாம் எங்கள் பள்ளிக்கூட டிசைன் சார் செய்த வேலை. இந்த வருஷ ப்ராஜெக்டுக்கு நிஜ மனிதர் ஒருவருக்கு நிஜமாகவே உதவுகிற பொருளை நாங்களே வரைந்து, நாங்களே செய்து, அவரிடம் கொடுத்து, முப்பது நாள் பயன்படுத்தச் சொல்லி, அது தேறியதா தேறவில்லையா என்று கடைசியில் மதிப்பீடு எழுத வேண்டும். நூற்றுக்கு நாற்பது மார்க் அந்த மதிப்பீட்டுக்கு மட்டும். அந்த மனிதரோடு நடக்கிற பேச்சு முழுவதும் எழுத்தில் இருக்க வேண்டும், தேதி போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். "போன்ல பேசினேன் சார், அவங்க நல்லா இருக்குன்னாங்க சார், இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

நான் உங்களைத்தான் தேர்ந்தெடுத்தேன். காலையிலிருந்து மாலை வரை ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நின்றுகொண்டே இருக்கிறீர்கள். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் கவுண்டர் எட்டாது. அதனால் பாதி நின்று பாதி உட்காருகிற மாதிரி, முன்பக்கம் லேசாகச் சரிந்த ஒரு உயர முக்காலி செய்யப்போகிறேன். டிசைன் கல்லூரியில் இந்தக் கோப்பைப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். வேறு வாசல் எனக்கு இல்லை அத்தை.

அளவுப் படிவம் இதோடு இருக்கிறது. முதல் வரியே உயரம்தான். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "எங்கக்கா அரைப்படிக்கு எதுக்கு முழு முக்காலி, அரை முக்காலி போதும்" என்று சிரித்தார். நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஏமாற்றாமல் சரியான அளவு அனுப்புங்கள், அரைப்படி அத்தையே!

பதிலுக்குக் காத்திருக்கும்,
சிட்டு


ஜூன் 21

சிட்டுக் கழுதைக்கு அத்தையின் ஆசிகள்.

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவை இரவில் வெந்நீர் குடிக்கச் சொல். அந்தப் பச்சை சிரப்பை நிறுத்தச் சொல், அது இருமலை விரட்டாது, தூக்கத்தைத்தான் வரவழைக்கும். குதிகாலை டாக்டரிடம் காட்டிவிட்டேன். அவர் சொன்னபடி நடந்துகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

என்னையா தேர்ந்தெடுத்தாய்? கவுண்டரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டாம் கவுண்டர்காரி, "உங்க மருமகப் பொண்ணு எனக்கும் ஒண்ணு செஞ்சு தருமா?" என்று அன்றைக்கே துண்டு போட்டு வைத்துவிட்டாள்.

நீ கேட்ட விவரங்கள். என்னுடையது மூன்றாம் கவுண்டர். முன்னால் கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழைகிற அளவு ஓட்டை. பின்னால் மாத்திரை அலமாரி, எட்டு அடுக்கு. ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது சீட்டு வரும். ஒவ்வொரு சீட்டுக்கும் திரும்பி எடுத்து, திரும்பி வந்து, "இது காலைல, இது ராத்திரி, சாப்ட்ட பிறகு" என்று சொல்ல வேண்டும். சொன்னதையே மறுபடி கேட்பார்கள். மறுபடி சொல்ல வேண்டும். தரை மொசைக், ஒரு இடத்தில் பெயர்ந்திருக்கிறது. அதனால் நான்கு கால் வைத்தால் ஆடும். மூன்று கால் என்றது நல்ல யோசனை.

படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். உயரம் 154. உன் அப்பனிடம் காட்டு.

அன்புடன்,
அத்தை


ஜூலை 4

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா சிரப்பை நிறுத்திவிட்டார், இருமல் பாதி குறைந்துவிட்டது. குதிகால் தேவலையா?

154 என்றதும் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "நூத்தம்பத்தி நாலா? எங்கக்காவா? ஸ்கேலைத் தலைகீழாப் பிடிச்சிருப்பா" என்றார். நான் விடுவேனா? "கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்கப்பா, ஆவணம்" என்றேன். வாயை மூடிக்கொண்டார். மூன்று மணி நேரத்துக்குத்தான், இருந்தாலும் அது சாதனை.

இனி வேலையைப் பற்றி. இருக்கை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த முக்காலியின் உயிரே. ஒரு விரல் கூடினால் பாதம் தரையில் படியாது, குறைந்தால் முழங்காலில் பாரம் ஏறும். புத்தகத்தில் தேடினேன், ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். அதனால் நானே கண்டுபிடித்தேன். வகுப்பில் ஏழு பேர், நூலகர், வாட்ச்மேன் ஆக ஒன்பது பேரைப் பிடித்தேன். ஒரு உயர ஸ்டூல் மேல் பழைய டிக்‌ஷனரிகளை அடுக்கி உட்காரவைத்து, "அப்பாடா!" என்று சொல்கிற வரை ஒவ்வொன்றாக எடுத்தேன். யார் எங்கே அப்பாடா சொன்னார்கள் என்று அளந்து அவர்கள் உயரத்தால் வகுத்துப் பார்த்தால், எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே விடை. 0.43. வாட்ச்மேன் ஐயா மட்டும் கடைசி வரை அப்பாடா சொல்லவில்லை, தூங்கிப்போய்விட்டார். அதையும் அப்பாடா என்றுதான் கணக்கில் எடுத்தேன்.

உங்கள் 154-ஐ 0.43 ஆல் பெருக்கினால் 66.22. ஆக இருக்கை உயரம் அறுபத்தாறு சென்டிமீட்டர். இது என் கணக்கு அத்தை, எந்தப் புத்தகத்திலும் இல்லை! சார்கூட "பாக்கலாம்" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

அன்புடன்,
சிட்டு


ஆகஸ்ட் 5

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். எனக்கு மட்டும் இரண்டு விரலில் உளி வெட்டு, ஒரு விரலில் பசை. பசைதான் போக மாட்டேன் என்கிறது.

முக்காலி நேற்று பார்சலில் கிளம்பிவிட்டது. மூன்று காலையும் நானே இழைத்தேன். கால் வைக்கக் குறுக்குச் சட்டம் இருக்கிறது. இருக்கையின் சரிவை மூன்று முறை தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தேன். சார் அதன் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. முக்காலிக்கும் சரி, சாருக்கும் சரி.

கூடவே முப்பது நாள் அட்டவணை இருக்கிறது. தினமும் பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். குறை இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வந்து சேர்ந்ததும் ஒரு வரி போடுங்கள்.

உங்கள்
சிட்டு


செப்டம்பர் 14

என் செல்லச் சிட்டுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் சீசன். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கிறது. நான் நலமாகவே இருக்கிறேன்.

முக்காலி ஆகஸ்ட் ஒன்பதே வந்துவிட்டது. என்ன வழவழப்பு! ஆஸ்பத்திரித் தச்சர்கூட ஒரு நாள் வந்து பார்த்தார். தடவித் தடவிப் பார்த்து, "வேலை தெரிஞ்ச கை" என்று சொன்னார். பள்ளிக்கூடத்துப் பெண் செய்தது என்றதும் நம்பவே இல்லை. பிறகு வேறு என்ன? சூப்பிரண்டென்ட் ஐயா பார்த்தார், இரண்டாம் கவுண்டர்காரி பார்த்தாள், எல்லோரும் பார்த்தார்கள்.

இப்போது மதியம் நான்கு மணிக்கும் கால் கால் மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் மூன்று மணிக்கே அது கால் இல்லை, கட்டை. பொய் சொல்லவில்லை, உன்னால் எனக்கு மாலை நேரம் திரும்பிக் கிடைத்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன்.

அட்டவணையை நிரப்பிவிட்டேன். முப்பது நாளும் ஒன்பது. பத்து போட்டால் திருஷ்டி பட்டுவிடும்.

அன்புடன்,
அத்தை


செப்டம்பர் 22

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நடை போகிறீர்கள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே யாவரும் நலம்.

ஆனால் சார் அந்த அட்டவணையைப் பார்த்தார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று விரலை ஓட்டிக்கொண்டே போனார். "ஏம்மா, இது மதிப்பீடா, பற்பசை விளம்பரமா?" என்றார். வகுப்பே சிரித்தது. "முதல் நாளிலேர்ந்து முப்பதாம் நாள் வரைக்கும் ஒரே மார்க் வாங்கின பொருள் உலகத்துலயே கிடையாது. ஒண்ணு உங்க அத்தை அதுல உக்காரவே இல்ல, இல்லேன்னா உன்மேல ரொம்பப் பாசம்."

அத்தை, காலில் விழுந்து கேட்கிறேன், ஒரே ஒரு குறை சொல்லுங்கள். என்னைத் திட்டுங்கள். "என்னடி இது, மரமா முள்ளா" என்று நாலு வார்த்தை எழுதுங்கள். வீட்டில் அம்மா நாள் முழுக்கத் திட்டுகிறார், அதில் ஒன்றுக்கும் மார்க் கிடையாது.

திட்டு வேண்டி,
சிட்டு


அக்டோபர் 1

சிட்டுக்கு,

நலம்தானே? நான் நலம்.

குறை ஒன்று இருக்கிறது. நான் தண்ணீர் குடிக்கப் போனால் வருவதற்குள் இரண்டாம் கவுண்டர்காரி அதில் உட்கார்ந்துவிடுகிறாள். இன்னொன்று, நிறம் கொஞ்சம் வெளிறல். வேறு எதுவும் தோன்றவில்லை.

உன் சார் சொல்கிறார் என்பதற்காகக் இல்லாத குறையை உண்டாக்க என்னால் முடியாது. நன்றாக இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது. நான் சொன்னதை நம்பி எழுது.

அத்தை


அக்டோபர் 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் இந்தத் தடவை மருந்துச் சீட்டு மாதிரி இத்தனூண்டு. உடம்பு ஒன்றுமில்லையே?

மதிப்பீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன்! பதினான்கு பக்கம். "வடிவமைப்பாளரின் 0.43 என்ற கணக்கு சரியே என்பதற்கு, 154 செ.மீ. உயரமுள்ள பயனாளர் முப்பது நாளும் வசதியாக உட்கார்ந்ததே சான்று" என்று முடித்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில், இதில் உள்ள தகவல் அனைத்தும் உண்மை என்று நான் உறுதிமொழிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். வாழ்க்கையில் முதல் கையெழுத்து. பேனாவை மூன்று முறை மாற்றினேன்.

இப்போது ஒரு சின்ன விஷயம். நவம்பர் பதினைந்தாம் தேதி வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். பொருளை என் வரைபடத்தோடு வைத்து ஸ்கேல் போட்டு அளந்து பார்ப்பாராம். அளவு பொருந்தாவிட்டால் ப்ராஜெக்டே செல்லாது. எனக்கென்ன பயம், மில்லிமீட்டர் பிசகாது. முக்காலியை மட்டும் இரண்டு வாரத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். முடிந்ததும் மறுநாளே உங்களுக்குப் பார்சல்.

அன்புடன்,
சிட்டு


அக்டோபர் 24

அத்தை,

பதினைந்து நாள் ஆகிவிட்டது. பார்சலும் வரவில்லை, பதிலும் வரவில்லை. போன் செய்தால், "கடிதத்தில் எழுதுகிறேன், கவுண்டரில் கூட்டம்" என்று வைத்துவிடுகிறீர்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லையா? முக்காலி உடைந்துவிட்டதா? எதுவானாலும் சொல்லுங்கள், நான் தாங்குவேன்.

சிட்டு


அக்டோபர் 27

என் கண்ணே சிட்டு,

இந்தக் கடிதத்தைக் கோப்பில் வைக்காதே. வீட்டில் சத்தமாகப் படிக்காதே. உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

உடம்புக்கு ஒன்றுமில்லை, முக்காலியும் உடையவில்லை. நான்தான் அதன் காலை வெட்டினேன்.

என் உயரம் 154 இல்லை. அது ஹீல்ஸ் போட்டு அளந்தது. செருப்பைக் கழற்றினால் 147.

இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது எனக்கு இருபத்து நான்கு வயசு. எல்லாக் கேள்விக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன். கடைசியில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "கவுண்டருக்கு மேல இவங்க தலை தெரியுமாய்யா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை கிடைத்தது. மறுநாளே ஏழு சென்டிமீட்டர் ஹீல்ஸ் வாங்கினேன். இருபத்திரண்டு வருஷம் அதில்தான் நின்றேன். குதிகால் வலி அதனால் வந்ததுதான். மே மாதம் டாக்டர் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதை இன்னைக்கே குப்பையில போடுங்க" என்றார். அன்றிலிருந்து தட்டைச் செருப்பு. வேடிக்கை என்ன தெரியுமா? நான் ஏழு சென்டிமீட்டர் இறங்கியதை ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும், "கண்ணாடியத் தொடச்சீங்களா, இன்னைக்குப் பளிச்சுனு தெரியிறீங்க" என்றார்.

செருப்பு போய்விட்டது. புத்தி போகவில்லையே. உன் படிவம் வந்தது. அப்பா சொன்னதையும் நீங்கள் சிரித்ததையும் எழுதியிருந்தாய். உன் அப்பன் எனக்கு இரண்டு வயசு இளையவன். பத்து வயசில் என்னைத் தாண்டி வளர்ந்தான், அன்றைக்கு வைத்த பேர்தான் அந்த அரைப்படி. அவன் பாசமாகத்தான் கூப்பிடுகிறான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருக்கும். என் உயரம் ஒரு கோப்பில் ஏறி, உன் சாரும் வகுப்பும் உன் அப்பனும் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்ததும், பரணிலிருந்து அந்த ஹீல்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்று அளந்தேன். நாற்பத்தாறு வயசில்!

முக்காலி வந்தது. ஏறி உட்கார்ந்தால் குதிகால் தரையில் படவில்லை. பதினோரு நாள் கட்டைவிரலை ஊன்றிச் சமாளித்தேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் தச்சரைக் கூப்பிட்டேன். அவர் என்னை உட்காரவைத்து, எழுப்பி, கொஞ்சம் அறுத்து, மறுபடி உட்காரவைத்து, மூன்று சென்டிமீட்டர் எடுத்தார். அன்றிலிருந்து நான் எழுதியது ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அந்த முதல் பதினோரு ஒன்பதுதான் பொய்.

தேர்வாளர் அளப்பார் என்று நீ எழுதியதிலிருந்து மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். உன் முதல் கையெழுத்தை நான் பொய்யாக்கிவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன்.

அத்தை


நவம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம் என்று எழுத வராது. இரண்டு நாள் அறைக்குள்ளேயே கிடந்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

முதல் நாள் உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். பதினோரு நாள் ஒன்பது போட்டீர்களே! குறை சொல்லுங்கள், குறை சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேனே! இரண்டாம் நாள் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். நேர்முகத் தேர்வில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் அழுதுவிட்டேன். ஜூன் மாதம் நானும் அதையேதானே செய்தேன்? சிரித்தது போதாதென்று அதைக் கடிதத்தில் வேறு எழுதி அனுப்பினேன். மன்னித்துவிடுங்கள் அத்தை. இனி என் வாயில் அந்தப் பேர் வராது.

மூன்றாம் நாள் ஆசிரியர் அறைக்குப் போனேன். சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "சார், என் மதிப்பீட்டைத் திருப்பிக் கொடுங்க. அதுல தப்பு இருக்கு" என்றேன். "குடுத்தது குடுத்ததுதான்" என்றார். "உறுதிமொழியில கையெழுத்துப் போட்டுட்டேன் சார். அது உண்மை இல்லேன்னு இப்பத்தான் தெரிஞ்சுது." பேனாவை மூடி வைத்தார். "என்ன தப்பு?" "எழுத்துல வரும் சார்" என்றேன். பன்னிரண்டாம் தேதி வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். உங்கள் உயரம் உங்கள் சொந்த விஷயம். ஊருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒன்பது பேரை உட்காரவைத்து, புத்தகம் அடுக்கி, அப்பாடா என்கிற வரை பொறுமையாகப் பார்த்த நான், யாருக்காகச் செய்கிறேனோ அவருக்கு மட்டும் ஒரு படிவத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இது என் தப்பு. அதை அப்படியே எழுதப்போகிறேன். உயரம் என்ற வரியை அடித்துவிட்டு, வடிவமைப்பாளரின் கணக்கு மூன்று சென்டிமீட்டர் பிசகியது, பயனாளர் தச்சரைக் கொண்டு சரிசெய்தார் என்று போட்டு, வரைபடத்திலும் வெட்டிய அளவைக் குறித்துவிடுகிறேன். 0.43 தவறாகிவிடும். கணக்குப் பகுதிக்குப் பத்து மார்க், அது போகும். கல்லூரி கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் வேறொன்று செய்கிறேன், எனக்குக் கை இருக்கிறது.

வெட்டிய முக்காலியை அப்படியே அனுப்புங்கள். முதல் பதினோரு நாளுக்கு நிஜமான மார்க் போட்டு, கோப்பில் வைக்கிற மாதிரி ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். உயரம் வேண்டாம்.

உங்கள்
சிட்டு


நவம்பர் 8

சிட்டுக்கு,

இந்தக் கடிதத்தைக் கோப்பின் முதல் தாளாக வை. நான் நலம், குதிகால் நலம். உங்கள் டிசைன் சாருக்கும் வரப்போகிற தேர்வாளருக்கும் என் வணக்கம். நான் மூன்றாம் கவுண்டர் மருந்தாளர், இந்த முக்காலியின் பயனாளர்.

முக்காலி பார்சலில் வருகிறது. குறை கேட்டாயல்லவா? பிடித்துக்கொள்.

முன் ஓரம் தொடையில் அழுத்துகிறது. மழுக்கியிருக்க வேண்டும். காலை வெட்டியதால் குறுக்குச் சட்டம் தரைக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது, துடைப்பம் நுழையவில்லை. பெருக்குகிற அம்மா உன்னைப் பார்க்காமலேயே தினமும் திட்டுகிறார். வெயில் நாளில் வார்னிஷ் ஒட்டுகிறது. எழுந்தால் 'பட்'டென்று ஒரு சத்தம், மொத்த வரிசையும் என்னைப் பார்க்கும், மானம் போகிறது. கனமும் அதிகம். நகர்த்த இரண்டு கையும் வேண்டும், எனக்கு ஒரு கையில் எப்போதும் மாத்திரை அட்டை இருக்கும். முதல் பதினோரு நாளுக்கு நான் போட்ட ஒன்பதெல்லாம் பொய். சரியான மார்க் மூன்று, அதுவும் வழவழப்புக்கு. பன்னிரண்டாம் நாள் மதியத்திலிருந்து எட்டு. ஒன்பதிலிருந்து ஒன்றைக் குறைத்தது அந்தச் சத்தத்துக்காக.

அடுத்து உன் யோசனை. கணக்கு மூன்று சென்டிமீட்டர் பிசகியது என்று எழுதப்போவதாகச் சொல்கிறாய். நேற்று கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பெருக்கிப் பார்த்தேன். மறுபடி பெருக்கினேன். நம்பாமல் இரண்டாம் கவுண்டர்காரியைக் கால்குலேட்டரில் போடச் சொன்னேன். 147-ஐ 0.43 ஆல் பெருக்கினால் 63.21 வருகிறது. ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் முக்காலியை அளந்தேன். சரியாக அறுபத்து மூன்று.

தச்சருக்கு உன் கணக்கு தெரியாது சிட்டு. அவரிடம் இருந்தது ரம்பமும் என் முகமும்தான். அப்பாடா என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தினார். நீ பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கும் அவர் இங்கே அறுத்து நிறுத்திய இடமும் ஒன்றுதான். உன் கணக்கில் ஒரு பிசகும் இல்லை, நான் கொடுத்த எண்தான் தப்பு. அந்த எண்ணை மறைத்தால் உன் கணக்கு பொய்யாகிவிடும். எனக்காக நீ பத்து மார்க்கைத் தூக்கிப் போடத் தயாராக இருந்தாய், அது போதும் எனக்கு. போடவிட மாட்டேன்.

ஆகவே அந்த வரியை அடிக்காதே. 154-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியான எண்ணை எழுது. கீழே என் கையெழுத்து இருக்கிறது, பேனாவை மாற்றவில்லை. சார் படிப்பார், தேர்வாளர் படிப்பார், வகுப்பு படிக்கும், என் தம்பியும் படிப்பான். எல்லோரும் நன்றாகப் படிக்கட்டும். என் உயரம் நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர், வெறுங்காலில்.

இப்படிக்கு,
மருந்தாளர், மூன்றாம் கவுண்டர்